நாற்பதாவது அடியில் மலை

எங்கள் செங்காட்டூரில் ஒரு பிள்ளைக்கு வயசு சொல்ல வேண்டுமென்றாலும், ஒரு மாடு எப்போது சினைப்பிடித்தது என்று சொல்ல வேண்டுமென்றாலும், மலை வருவதற்கு முந்தியா பிந்தியா என்று கேட்டுக்கொண்டுதான் சொல்வார்கள். மலை எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அது எல்லாருக்கும் தெரிந்ததுதான், எங்க வீட்டுக்காரர் குற்றாலிங்கம் கேமராவைப் பிடித்துக்கொண்டு நாற்பது அடி பின்னாலேயே நடந்தார், மலை வந்தது, அவ்வளவுதான். யாருக்காக வந்தது என்பதில்தான் எனக்கு நெஞ்சு எரிந்தது.

அவருக்கு பஸ் நிற்கிற இடத்தில் ஒரு ஸ்டுடியோ. சடங்கு, காதுகுத்து, கல்யாணம், பாஸ்போர்ட் சைஸ், எல்லாம் எடுப்பார். வீடியோ கேமரா கிடையாது. ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் போனில் எதையோ காட்டி, பொண்ணு நின்ன இடத்தில் நின்ன அளவிலேயே நிற்க வேண்டும், பின்னால் இருக்கிற ஊரெல்லாம் அவள் முதுகை நோக்கி ஓடி வர வேண்டும், அப்படி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். அவர் முடியும் என்று சொல்லிவிட்டு வந்து, நாலு நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்து, சாதா போட்டோ கேமராவிலேயே அதைச் செய்ய ஒரு வழி கண்டுபிடித்தார்.

ஆளை ஓரிடத்தில் நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும். ஓரடி பின்னால் போக வேண்டும். பின்னால் போனால் ஆள் சின்னதாகத் தெரியும், அதனால் லென்சைத் திருகி ஆளைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து இன்னொரு படம், இன்னொரு அடி, இன்னொரு திருகு. இப்படி நாற்பது. நாற்பதையும் கம்ப்யூட்டரில் அடுக்கி ஓட விட்டால் ஆள் அப்படியே நிற்கும், பின்னால் உள்ளதெல்லாம் கிட்டே கிட்டே வரும். ஆளின் அளவு மாறாமல் பார்ப்பதுதான் சிரமம். அதற்காக அவர் கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் மிளகளவில் இரண்டு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார், ஒவ்வொரு படத்திலும் இரண்டு கண்ணும் இரண்டு பொட்டுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். பொட்டு என் அட்டையிலிருந்து எடுத்தது. அடிக்கு ஒரு புள்ளியாகத் தரையில் வைத்த வெள்ளைப் பொடி என் கோலமாவு டப்பாவிலிருந்து எடுத்தது. நிற்க வைத்த ஆள் மட்டும் நான் இல்லை.

என்னைத்தான் முதலில் நிறுத்தினார், பொய் சொல்லக்கூடாது. எங்கள் கல்யாண ஆல்பத்தில் நூற்றிருபது படம் இருக்கிறது, நூற்றிருபதிலும் நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அப்படிப்பட்டவள் மூன்றாவது அடியிலேயே தலையைக் குனிந்துவிட்டேன்.

"நீ தரையைப் பாத்தா நான் பொட்டுக்கு அடியில எதைக் கொண்டாந்து வைக்க?" என்று கேட்டுவிட்டு, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலத் தெருவுக்குப் போனார்.

மேலத் தெருவின் கடைசி வீடு வடிவு அக்கா வீடு, அதற்கு மேற்கே வெறும் காடும், பன்னிரண்டு மைலுக்கு அப்பால் நீலமாக ஒரு கோடு போல மலையும்தான். செண்பகவடிவு என்று முழுப்பேர். எங்க வீட்டுக்காரருக்குத் தாய்மாமன் மகள், கட்டிக்கொள்ள வேண்டிய முறை, ஜாதகம் சேரவில்லை என்று வெளியூரில் கொடுத்தார்கள், அங்கே வாழப் பிடிக்காமல் திரும்பி வந்து மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும், முறை அப்படி. என் ஜாக்கெட்டும் அவள்தான் தைக்கிறாள், பிள்ளை பெற்ற பிறகு நான் எத்தனை இஞ்சு பெருத்தேன் என்பதுவரை அவளுக்குத் தெரியும். என் வீட்டுக்காரரை அவள் தெருவில் வைத்தே "அத்தான்" என்று சத்தமாகக் கூப்பிடுவாள். கல்யாணமாகி நாலு வருசத்தில் அந்த வார்த்தையை நான் மனசுக்குள் மட்டும்தான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவர் புள்ளி வைத்து, ஓரடி ஓரடியாகக் கிழக்கே பின்வாங்கி, திருகித் திருகி நாற்பது படம் எடுத்தார். அவள் இமைகூடத் தட்டவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நாற்பதாவது படம் எடுத்துவிட்டு வேர்வையைத் துடைக்க அவர் கேமராவை இறக்கினார். மலை அவள் வீட்டுக் கொல்லையில் வந்து நின்றது, திரும்பிப் போகவில்லை.

முதல் நாள் எல்லாரும் போய்ப் பார்த்தார்கள், இரண்டாம் நாள் ஆடு பத்திக்கொண்டு போனார்கள், மூன்றாம் நாள் துணி துவைக்கப் போனார்கள், ஏனென்றால் மலையோடு சேர்ந்து ஒரு ஓடையும் வந்து வடிவு அக்காவின் வாழைகளுக்கு நடுவே ஓடியது. மேலத் தெருவில் மூன்று மணிக்கே பொழுது அடைந்தது, அதனால் அந்தத் தெருக்காரர்கள் வற்றலை விடிந்ததும் காயப்போட்டு மத்தியானமே வாரி எடுத்தார்கள், கோழிகள் சாயங்கால இரையை மறந்து பஞ்சாரத்துக்குள் போய் ஒடுங்கின, இட்லி மாவு குளிரில் புளிக்கவில்லை என்று கீழத் தெருச் சொந்தக்காரர் வீடுகளில் கொண்டுவந்து வைத்து மறுநாள் காலையில் வாங்கிப் போனார்கள். கிராம நிர்வாக அதிகாரி வந்து சங்கிலி பிடித்து அளந்து, மலை எந்தச் சர்வே நம்பரிலும் அடங்காததால் ஆக்கிரமிப்பு என்று ஒரு நோட்டீஸ் எழுதி, சோற்றைப் பிசைந்து தடவிப் பாறையில் ஒட்டிவிட்டுப் போனார். ஒரு குரங்கு வந்து சோறு ஒட்டியிருந்த அளவுக்கு அதைத் தின்றது.

கீழத் தெருவில், எங்கள் வாசலில் நின்று பார்த்தால் மலை பழைய இடத்தில் பழைய கோடாகவே தெரிந்தது. வடிவு அக்கா வாசலைத் தாண்டினால் மூக்கில் இடித்தது. "அங்கன நின்னா பக்கம், இங்கன நின்னா தூரம்," என்று டீக்கடைக்காரர் சொன்னார், ஊருக்கு அந்த விளக்கம் போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒருத்தர் கடல் வேண்டுமென்று கேட்டார், ஒருத்தி தன் மகளைக் கட்டிக்கொடுத்த ஊரையே பக்கத்தில் கொண்டுவரக் கேட்டாள். அவரும் எல்லாரையும் நிறுத்திப் பார்த்தார். நின்றவர்கள் சிரித்தார்கள், சொறிந்தார்கள், தும்மினார்கள், கண் பொட்டை விட்டு நழுவியது, ஒன்றும் வரவில்லை. டீக்கடைக்காரருக்கு மட்டும் பக்கத்து ஊர்த் தண்ணீர்த் தொட்டி பாதி வழிவரை வந்து வயலில் நின்றுவிட்டது. கடைசியில் ஊர் கூடி, நிற்கிறதென்றால் அது வடிவுதான், தையல்காரிக்குள்ள பொறுமை வேறு யாருக்கு வரும் என்று முடிவுக்கு வந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் என் முகத்துக்கு நேரேயே சொன்னாள். "ஏட்டி மாரி, பூ வாங்கிக் குடுத்தவனைப் பாத்திருக்கேன், சேலை எடுத்துக் குடுத்தவனைப் பாத்திருக்கேன், மலையைக் கொண்டாந்து குடுத்தவனை இப்பதாம்ட்டி பாக்கேன்."

"அது தொழிலுக்கு எடுத்தது மதினி."

"ஆமா, தொழிலுக்குத்தான். கல்யாணப் பொண்ணு கேட்டா, மலை மாமன் மக கொல்லையில நிக்கி."

நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த ஓடைக்குத்தான் துவைக்கப் போக வேண்டியிருந்தது, கீழத் தெருக் குழாயில் மண்ணாக வந்தது. அவர் சட்டையை அவள் ஓடையில் அலசும்போது தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், என் கை மட்டும் கொதிக்கும். அவள் மிஷினை நிறுத்திவிட்டு, "வா மாரி, கூச்சப்படாத, இது உன் வீட்டுக்காரர் கொண்டாந்த மலைதான?" என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். பாப்பாவுக்கு மலை நெல்லிக்காய் பொறுக்கிக் கொடுப்பாள். என் இரண்டு வயசுப் பிள்ளை என் இடுப்பிலிருந்து அவள் இடுப்புக்குத் தாவும்போது, அவள் பின்னால் நிற்கிற மலையை விட அந்தத் தாவல் பெரிசாகத் தெரியும்.

ஒரு நாள் ஸ்டுடியோவில் சோறு கொடுக்கப் போனபோது கம்ப்யூட்டரில் அந்த நாற்பது படத்தையும் பார்த்தேன். மலை படத்துக்குப் படம் வளர்ந்தது. அவள் மட்டும் நாற்பதிலும் ஒரே அளவாக, ஒரே பார்வையாக, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது தடவை ஒருத்தி கண்ணை ஒருத்தர் அளந்து அளந்து பார்த்தால் அதற்கு என்ன பேர் என்று நான் யாரிடம் கேட்பேன்.

"நம்ம வீட்டுக்குப் பின்னால மலை வராதா?" என்று அன்றைக்குக் கேட்டேவிட்டேன்.

"நீ நிமிந்து நின்னா வரும்," என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

ஐப்பசி பிறந்த ஒரு மத்தியானம் தைத்த ஜாக்கெட்டை வாங்கப் பாப்பாவோடு அவள் வீட்டுக்குப் போனேன். மிஷினுக்குப் பக்கத்தில் ஆணியில் அவர் கேமரா தொங்கியது.

"அத்தான் மேல அருவியில குளிக்கப் போயிருக்காக," என்றாள். "நனைஞ்சிரும்னு இங்கன மாட்டிட்டுப் போனாக."

கேமராவை என்னைத் தொட விடமாட்டார். கையில் மாவு இருக்கும், எண்ணெய் இருக்கும் என்பார். அது அவள் ஆணியில் தொங்குகிறது. எனக்குள் ஏதோ ஒன்று நிதானமாக எழுந்து உட்கார்ந்தது.

"அக்கா, நான் உங்களை ஒரு படம் எடுக்கட்டா?"

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "எடேன்," என்று பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அதே நாற்காலியில், அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

சோறு வடிக்கிற நேரம், ஓடையில் ஒருத்தரும் இல்லை, அதை நான் பார்த்துக்கொண்டேன். அவர் வைத்த வெள்ளைப் புள்ளிகள் மண்ணில் இன்னும் லேசாகத் தெரிந்தன, நான் நாற்பதாவது புள்ளிக்குப் போய் நின்று லென்சை முழுக்க நீட்டினேன். கண்ணாடி நிறைய வடிவு அக்காவும் பாப்பாவும், பின்னால் ஆகாசமே இல்லாமல் மலை மட்டும். எடுத்தேன். ஓரடி முன்னால் வந்தேன், அவள் பெரிசானாள், லென்சைச் சுருக்கி அவள் கண்ணைப் பொட்டுக்கு அடியில் கொண்டுவந்து எடுத்தேன். பின்னால் போய் எடுத்தால் வருகிறது முன்னால் வந்து எடுத்தால் போகத்தானே வேண்டும், கதவு மாதிரிதான், அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஐந்தாவது படத்தில் மலைக்கு மேலே கொஞ்சம் ஆகாசம் வந்தது. எட்டாவதில் ஓடை நூலாகிப் போனது.

பதினோராவதில் அவரைப் பார்த்தேன். குளித்துவிட்டு இறங்கி வந்து, இடுப்பில் துண்டோடு ஒரு பாறையில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தார், கட்டைவிரல் அளவு இருந்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டே இந்தப் பக்கம்தான் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவளின் முதுகுப் பக்கம். நான் அடுத்த அடி எடுத்து வைத்தேன். பன்னிரண்டில் சுண்டுவிரல் ஆனார். பதினைந்தில் நெல் ஆனார். பாப்பா அவள் மடியில் திரும்பிப் பார்த்து, "அப்பா குட்டி" என்றது. இருபதில் எள் ஆனார். என் கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. முதல் புள்ளிக்கு வந்து நின்றபோது வடிவு அக்காவின் மூச்சு என் முகத்தில் பட்டது, அவளுக்குப் பின்னால் காடும், காட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் ஒரு நீலக் கோடும் இருந்தன.

அவள் எழுந்து கொல்லையைப் பார்த்தாள், வாழைக்குக் கீழே ஈர மணல் கிடந்தது. கேமராவை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, ஜாக்கெட்டை மடித்துக் கொடுத்தாள்.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. வந்த மலை போய்விட்டது, மேலத் தெருவில் ஆறு மணிவரை வெளிச்சம் திரும்பியது, மாவு அவரவர் வீட்டில் புளித்தது, சோப்பு வைத்த துணிகளோடு ஓடைக்குப் போனவர்கள் ஈர மணலைத் தோண்டி ஊற்று எடுத்து அலசிக்கொண்டு வந்தார்கள். அவரைக் கேட்டவர்களிடம் நான், "குளிக்கப் போயிருக்காக," என்றேன். மூன்று நாள் இதையே சொன்னேன். "நல்லா அழுக்குத் தேச்சுக் குளிப்பாரு போலுக்கே," என்றாள் செல்லத்தாய். பாப்பா தண்ணீர்ச் செம்புக்குள்ளும் அரிசிப் பானைக்குள்ளும் எட்டி எட்டி அப்பாவைத் தேடியது. எள்ளளவு ஆனவரை வேறு எங்கே தேடுவது என்று அது நினைத்திருக்கும்.

மூன்றாம் நாள் மத்தியானம் மலைப்பக்கத்து வனக் காவலர் பஸ்ஸில் வந்து இறங்கி, விசாரித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் அடிவாரத்துப் பாதையில நடந்துக்கிட்டு இருக்காரும்மா. மூணு நாளா நடக்காரு. நேத்துக் காலையில சைக்கிள்ல தாண்டிப் போனேன், சாயங்காலம் திரும்பி வந்தா அதே புளிய மரத்துக்கிட்ட நடந்துக்கிட்டே இருக்காரு. சைக்கிள்ல ஏத்திப் பாத்தேன், மிதிச்சு மிதிச்சு எனக்கும் அதே மரம்தான். துண்டோட நிக்காரேன்னு என் சட்டை ஒண்ணு குடுத்தேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காவலர் போன பிறகும் நின்றேன். அவர் நடக்கிறார், வீட்டுக்குத்தான் நடக்கிறார், ஒவ்வொரு அடியையும் நான் அங்கே தள்ளி வைத்திருக்கிறேன் என்பது தரையில் எழுதி வைத்த மாதிரி தெரிந்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மேலத் தெருவுக்குக் கிளம்பினேன், பாதி வழியில் வடிவு அக்காவே கேமராவோடு எதிரில் வந்தாள். காவலர் அவள் வாசலில்தான் முதலில் விசாரித்திருந்தார்.

"நான்தான் அக்கா, வேணும்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். நாலு வருசமா அளவெடுக்கையில டேப்பு பட்டாலே உனக்கு நடுங்கும். அன்னைக்கு நாப்பது படத்துக்கும் நடுங்கலையே. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் உக்காந்திருந்தீங்க?"

"அத்தானும் மலையோட போறாகன்னு எனக்கெப்படிட்டித் தெரியும், என் கண்ணுதான் உன்னைப் பாத்து நின்னுச்சே, பாப்பா சொன்னதையும் மழலைன்னு விட்டுட்டேன். மலை போனாப் போகட்டும்னு இருந்தேன். மூணு மணிக்கு மேல ஊசிக்கண்ணு தெரியாம ஒரு சீசனே போச்சு எனக்கு." சேலையைச் செருகிக்கொண்டாள். "இப்ப நான் உக்காந்து நீ எடுத்தா அவுக என் கொல்லைக்கு வருவாக. பரவாயில்லையா?"

நான் பாப்பாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன்.

"அப்ப நீ நில்லு."

"எனக்கு நிமிரத் தெரியாது அக்கா."

"நில்லுட்டி."

எங்கள் வீட்டுக்கு எதிரே கிழக்கே களம், நாற்பது அடிக்கு மேலேயே இடம் உண்டு. நான் வாசலில் மேற்கே முதுகைக் கொடுத்து நின்றேன், செல்லத்தாய் பாப்பாவை வாங்கிக்கொண்டாள், தெரு முழுக்க வந்து கூடிவிட்டது. வடிவு அக்கா என் கிட்டே வந்து கண்ணாடியைப் பார்த்து, "உன் கண்ணு என் கண்ணை விட நெருங்கி இருக்கு," என்று பழைய பொட்டுகளை நகத்தால் உரித்து, என் கண்ணுக்கு ஏற்றபடி மாற்றி ஒட்டினாள். எடுத்தாள். ஓரடி பின்னால் போனாள்.

மூன்றாவது அடியில் என் தலை கவிழப் பார்த்தது. அப்போதுதான் ஒன்று தோன்றியது. இவள் இவ்வளவு பாடுபடுகிறாளே, யாருக்காக? என் வீட்டுக்காரர் திரும்பி வர வேண்டுமென்று இவளுக்கு ஏன் இத்தனை அவசரம்? அது அவள் முகத்தில் எங்கேயாவது இருக்கும் என்று பார்த்தேன், கேமராவுக்கு மேலே தெரிகிற நெற்றியில் பார்த்தேன், திருகுகிற விரலில் பார்த்தேன், ஒரு இமைப்பில் நழுவிவிடுமோ என்று இமைக்காமல் பார்த்தேன். வெட்கப்பட்டால் கண் தாழும், பொறாமைப்பட்டால் தாழாது, அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்து, பதினைந்து, இருபது. என் முதுகில் குளிர் காற்று அடிக்கத் தொடங்கியது.

"என்னத்தட்டி அப்படிப் பாக்க?" என்றாள் அங்கிருந்து.

"அவுக உங்களை எப்படிப் பாத்தாகன்னு பாக்கேன்."

அவள் அந்த அடியில் கொஞ்சம் நின்றாள், ஆனால் கேமராவை இறக்கவில்லை. "என்னை எங்க பாத்தாக. பொட்டுக்கு அடியில கண்ணு இருக்கான்னு பாத்தாக. மிச்ச நேரமெல்லாம் என் தோளுக்கு மேல மலையைத்தான் பாத்தாக. ஆடு கட்டுத முளை மாதிரி நான் நின்னேன் மாரி, அசையாம நிக்கதுக்குத்தான் நான். நாப்பதும் முடிஞ்ச பொறகாவது பாப்பாகளான்னு இருந்தேன்." திருகி, எடுத்து, ஓரடி போனாள். "பாக்கல."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் தூரமாகப் போகப் போகச் சின்னதாகிக்கொண்டே போனாள், அவள் முகத்தில் நான் தேடியது இருந்தது, ஆனால் என்னிடம் இருப்பதை விடக் கொஞ்சம்தான் இருந்தது.

நாற்பதாவது அடியில் பெண்கள் குலவையிட்டார்கள். என் கழுத்தில் சாரல் விழுந்தது, பின்னால் ஓடைச் சத்தம் கேட்டது, பாறையில் கால் வழுக்கி யாரோ "யம்மா" என்றது கேட்டது. மேலத் தெரு எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை, மேலத் தெருக்காரர்கள் வழக்கம்போல அந்தப் பக்கத்திலிருந்துதான் வேடிக்கை பார்க்க வந்து சேர்ந்தார்கள். காக்கிச் சட்டையும் துண்டுமாக, மூன்று நாள் தாடியோடு, எங்க வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக் கொல்லை வழியாக வந்தார், வந்தவர் என்னைத் தாண்டி, பாப்பாவின் தலையை ஒரு தடவு தடவி, நேரே களத்துக்குப் போய் வடிவு அக்கா கையிலிருந்து கேமராவை வாங்கிக் கடைசிப் படத்தைப் பார்த்தார்.

"மலை அருமையா வந்திருக்கு வடிவு," என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நாற்பது அடி இருந்தும் அந்தப் பார்வைக்குத் திருகல் எதுவும் தேவைப்படவில்லை. அவள் அவர் கையிலிருந்து கேமராவைத் திரும்பப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, ஒதுங்கி நின்றாள்.

நான் நடந்தேன். தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும், தெரிந்தே ஒரு அடி, இன்னொரு அடி. அவர் நிமிர்ந்து பார்த்தார், என்னைத்தான் பார்த்தார், பிறகு கண் மெல்ல உயர்ந்து என் தலைக்கு மேலே போய் அருவியில் நின்றது. "இன்னொரு தடவை நிக்கியா மாரி, அந்த உச்சியையும் சேத்து..."

"அத்தான்," என்றேன். செல்லத்தாய் பேச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது. "இங்க பாருங்க."

பார்த்தார். அவர் கண்மணியில் நான் மிளகளவு தெரிந்தேன், என்னைச் சுற்றிலும் மலை. கிட்டே போனேன், நான் பெரிசானேன், இடது பக்கத்து மலை மறைந்தது. இன்னும் கிட்டே போனேன், வலது பக்கமும் மறைந்தது. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது, அவர் கண்ணில் இருந்த என் தலைக்கு மேலே மட்டும் நகக்கண் அளவு உச்சி இன்னும் பச்சையாகத் தெரிந்தது.

நான் பெருவிரலை ஊன்றி எக்கி நின்றேன்.